எம்.ஃபில்லா, இங்கிலாந்து டாக்டரேட்டா?

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தாலே கிளினிகல் சைக்காலஜிஸ்ட் (மனநோய்களுக்குப் பேச்சுவழி சிகிச்சை தரும் உளவியலாளர்) ஆகிவிடலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் அது போதாது. இதுவரை வழக்கமான பாதை, அதற்கு மேல் கிளினிகல் சைக்காலஜியில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். அதுவும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இடத்தில், வார்டிலும் ஓ.பி.யிலும் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்க வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் என்றால் நுழைவுத் தேர்வு உண்டு.

இங்கிலாந்தில் மூன்று வருட டாக்டரேட். பெரிய வித்தியாசம் பணம்தான்: அந்நாட்டு அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் நிதி தரும் இடம் கிடைத்தால் படிக்கும்போதே சம்பளம்! ஆனால் நம் ஊரிலிருந்து போகிறவருக்கு அது கிடைப்பது அபூர்வம். அங்குள்ளவர்களே உதவி உளவியலாளராகச் சில வருடம் வேலை பார்த்துக்கொண்டு, திரும்பத் திரும்ப விண்ணப்பிக்கிறார்கள்.

நாளை மதுரையிலோ சேலத்திலோ உட்கார்ந்து தமிழில் நோயாளியிடம் பேசப் போகிறவருக்கு என் ஓட்டு இங்குள்ள பயிற்சிக்குத்தான். ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற எம்.ஃபில்களை நிறுத்திய யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), கிளினிகல் சைக்காலஜி எம்.ஃபில்லுக்கு 2025-26 கல்வியாண்டு வரைதான் விலக்கு கொடுத்தது. அதனால் பணம் கட்டும் முன், சேரப்போகும் படிப்பின் பெயர் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.