டிலீட் விசைக்குப் பின்னால்: நான்கு கோப்பு மேலாளர்கள், நான்கு விதப் பாதுகாப்பு

ஒரு கோப்பு மேலாளர் ‘அழிக்கட்டுமா?’ என்று எத்தனை முறை கேட்கிறது என்பதைக் கொண்டே அதன் பாதுகாப்பைப் பலரும் எடைபோடுகிறார்கள். இந்த அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே கேள்வியை நாளுக்கு இருபது முறை கேட்டால், கண் அதைப் படிப்பதற்கு முன்பே கை என்டர் விசையைத் தட்டப் பழகிவிடும். கை தவறிய பிறகு திரும்பி வர வழி இருக்கிறதா, அந்த வழி எந்த இடங்களில் அடைபடுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், மேக்கின் ஃபைண்டர், லினக்ஸ் உலகின் இரு திரைச்சூழல்களான க்னோம், கேடிஇ ஆகியவற்றுக்கு முறையே உரிய நாட்டிலஸ் (க்னோம் ஃபைல்ஸ்), டால்ஃபின் ஆகிய நான்கையும் அந்தக் கோணத்திலேயே இங்கு ஒப்பிடுகிறேன்.

விண்டோஸ் 95 முதல் மறுசுழற்சித் தொட்டி இருந்துவருகிறது. அதற்குள் கோப்பை அனுப்பும்போது உறுதி கேட்கும் வழக்கம் விண்டோஸ் 8 வந்தபோது இயல்பிருப்பிலிருந்து நீக்கப்பட்டது. தொட்டியின் பண்புகளுக்குச் சென்று அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். அதை இயக்கச் சொல்லியே பலரும் அறிவுரை தருகிறார்கள், ஆனால் நான் தயங்குவேன். தொட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெட்டியும், நிரந்தரமாக அழிக்கலாமா என்று கேட்கும் பெட்டியும் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்டவை. மீட்கக்கூடிய செயலுக்கும் பெட்டி தோன்றினால், மீட்க முடியாத செயலுக்குத் தோன்றும் பெட்டி தன் எச்சரிக்கை வலிமையை இழந்துவிடுகிறது. டால்ஃபின் இந்த வேறுபாட்டைச் சரியாகக் கையாள்கிறது: குப்பைத்தொட்டிக்கு அனுப்புதல், தொட்டியைக் காலிசெய்தல், நிரந்தரமாக அழித்தல் என்னும் மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன, முதலாவதற்கு உறுதி கேட்பதில்லை, மற்ற இரண்டுக்கும் கேட்கிறது.

விசைகளின் அமைப்பில் ஃபைண்டருக்கு இணை இல்லை. டிலீட் விசையை மட்டும் அழுத்தினால் அங்கே ஒன்றும் நடக்காது. கமாண்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் கோப்பு தொட்டிக்குப் போகும், நிரந்தரமாக அழிக்க ஆப்ஷன் விசையும் வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸின் இரு மேலாளர்களிலும் டிலீட் என்றால் தொட்டி, ஷிஃப்டுடன் டிலீட் என்றால் நிரந்தர அழிவு. பல கோப்புகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்க நாம் பயன்படுத்துவதும் இதே ஷிஃப்ட் விசைதான் என்பதை எண்ணிப் பாருங்கள். தேர்வு முடிந்தும் விரலை எடுக்காமல் டிலீட்டைத் தட்டினால், தொட்டிக்குப் போகும் என்று நம்பியவை எல்லாம் நிரந்தர அழிவுக்கான பெட்டியில் வந்து நிற்கும். பழக்க வேகத்தில் என்டரையும் தட்டிவிட்டால் அவை போனவைதான். ஃபைண்டரில் தேர்வுக்கு உரிய விசையும் நிரந்தர அழிவுக்கு உரிய விசையும் வேறுவேறு என்பதால் இந்த விபத்துக்கு இடமே இல்லை.

நாட்டிலஸும் ஒரு காலத்தில் இந்த வழியைப் பின்பற்றிப் பார்த்தது. சில ஆண்டுகள் தொட்டிக்கு அனுப்பவே கன்ட்ரோலுடன் டிலீட்டை அழுத்த வேண்டியிருந்தது. 2016இல் வந்த 3.20 பதிப்பில் அது டிலீட் விசைக்கே திரும்பியது. இன்று அங்கே கோப்பை நீக்கியவுடன் திரையில் சில நொடிகள் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. அதிலேயே செயலைத் திரும்பப் பெறும் பொத்தானும் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்கும் கேள்வியைவிட இதையே நான் மதிக்கிறேன், ஏனெனில் எந்தக் கோப்பு காணாமல் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனிதருக்குத் தவறு உறைக்கிறது. மற்ற மூன்றிலும் கன்ட்ரோலுடனோ கமாண்டுடனோ இசட் விசையை அழுத்தி இதையே செய்யலாம் என்றாலும், அந்த வழி இருப்பதை அறியாதவர்கள் ஏராளம்.

இவையெல்லாம் கணினியின் சொந்த வட்டில் நடக்கும் வேலைக்குப் பொருந்துபவை. பென் டிரைவைச் செருகினால் நிலைமை அடியோடு மாறுகிறது. விண்டோஸ் பென் டிரைவுக்கு மறுசுழற்சித் தொட்டி வைப்பதில்லை. அங்கே டிலீட் என்றாலே நிரந்தர அழிவு. வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க்குக்கோ பெரும்பாலும் தொட்டி உண்டு. இரண்டும் ஒரே யூஎஸ்பி துளையில் செருகப்படுபவை, ஒரே சாளரத்தில் திறப்பவை. ஒன்றில் மீட்சி உண்டு, மற்றதில் இல்லை என்பதைப் பயனர் எப்படி அறிவார்? குடும்பத் திருமணப் படங்களைப் பென் டிரைவிலிருந்து நானே இப்படி இழந்திருக்கிறேன், தொட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் அது வெறுமையாக இருப்பது தெரிந்தது. ஆகவே இந்த ஒரு குறையை என்னால் சிறியதாகக் கருத முடியவில்லை.

ஃபைண்டரும் லினக்ஸ் மேலாளர்களும் பென் டிரைவின் உள்ளேயே ஒரு மறைந்த கோப்புறையை உருவாக்கி, நீக்கியவற்றை அதில் வைக்கின்றன. நாட்டிலஸும் டால்ஃபினும் ஒரே பொது நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. நீக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் அது முன்பு இருந்த இடத்தையும் நீக்கிய நேரத்தையும் ஒரு சிறு குறிப்பாக எழுதிவைப்பதால், ஒன்றில் நீக்கியதை மற்றதிலிருந்து அதன் பழைய இடத்துக்கே மீட்கலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. நீக்கிய பிறகும் பென் டிரைவில் இடம் விடுபடுவதில்லை; தொட்டியைக் காலிசெய்த பிறகே விடுபடும். அழித்ததாக எண்ணிப் பிறரிடம் கொடுத்த பென் டிரைவில் அந்தக் கோப்புகள் மறைந்தே இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இருந்தும், இழப்பைவிட இந்தத் தொல்லை எவ்வளவோ மேல்.

அலுவலகப் பிணையத்தில் பகிர்ந்த கோப்புறைகளைப் பொறுத்தவரை நான்குமே பொதுவாகக் கைவிரிக்கின்றன. எச்சரித்துவிட்டு நேரடியாக அழிக்கின்றன. அங்கே பாதுகாப்பு சர்வரின் பக்கம்தான் அமைய வேண்டும். பிணையத்தில் கோப்புறைகளைப் பகிர சர்வரில் இயங்கும் சாம்பா மென்பொருளில் அதற்கென்றே ஒரு மறுசுழற்சிக் கூறு உள்ளது. நிர்வாகி அதை இயக்கிவைத்தால் போதும்.

டிலீட் விசையைத் தொடாமலே கோப்புகள் அழியும் வழி ஒன்று உண்டு. ஒரே பெயருள்ள கோப்புறையை மற்றொன்றின் மேல் நகலெடுக்கும்போது விண்டோஸும் லினக்ஸ் மேலாளர்களும் இரண்டையும் ஒன்றாக இணைக்க முன்வருகின்றன. கோப்புக்குக் கோப்பு பெயர் மோதும்போது மட்டுமே மாற்றலாமா என்று கேட்கின்றன. ஃபைண்டரில் ‘மாற்று’ என்பதைத் தேர்ந்தால் பழைய கோப்புறை முழுவதும் போய், புதியது அந்த இடத்தில் அமர்கிறது. பழையதில் மட்டும் இருந்த கோப்புகள் குப்பைத்தொட்டிக்குக்கூடச் செல்வதில்லை. விசை அமைப்பில் அத்தனை கவனம் காட்டியவர்கள் இங்கே இவ்வளவு கடுமையாக நடந்துகொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறுபவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது.

சுட்டியால் இழுக்கும்போது கை நழுவி, பக்கத்துக் கோப்புறைக்குள் விழுந்த கோப்பையும் அழிந்துவிட்டதாகவே பலர் எண்ணித் தேடுகிறார்கள். டால்ஃபின் மட்டும், இழுத்து விட்ட இடத்தில் நகர்த்துவதா, நகலெடுப்பதா, இணைப்பு உருவாக்குவதா என்று இயல்பாகவே கேட்கிறது. மற்ற மூன்றும் ஒரே வட்டுக்குள் என்றால் ஓசையின்றி நகர்த்திவிடுகின்றன.

தொட்டியின் ஆயுளையும் ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது. விண்டோஸில் தொட்டிக்கு அளவு வரம்பு உண்டு; நிரம்பினால் பழையவை தாமாக வெளியேறும், வரம்பைவிடப் பெரிய கோப்பு என்றால் நிரந்தரமாக அழிக்கவே அனுமதி கேட்கும். டால்ஃபினின் தொட்டிக்கு இயல்பான வரம்பு வட்டின் 10 விழுக்காடு. ஃபைண்டரிலும் க்னோமிலும் 30 நாள் கழித்துத் தானாகக் காலிசெய்யும் வசதி உண்டு என்றாலும் நாம் இயக்கினால்தான் அது இயங்கும். பலர் கைவைக்கும் வீட்டுக் கணினியில் அதை இயக்காமல் விட்டுவைப்பதே என் வழக்கம்.