பம்ப் வேலை முடிந்ததும் வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறதா? முதலில் பம்பின் ஈய சீலைப் பாருங்கள்

லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் என்று இன்லைன் டீசல் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அளந்து அனுப்பும் பம்ப்) உள்ள எதை வைத்திருந்தாலும் இதைப் படித்துவிடுங்கள். டீசல் பம்பை "செட்டிங்" செய்து கொடுத்த மறுநாளே வண்டி பிய்த்துக்கொண்டு போனால், வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அளவு ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிட்டிருப்பார்கள். எனக்கு நடந்தது அதுதான். பம்புக்குக் கொடுத்த காசும் போய், இஞ்சினும் போனது.

என்னுடையது 2013 மாடல், பிஎஸ்-3, ஆறு சிலிண்டர் டர்போ வண்டி. நாமக்கல்லில் ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கிறவன் நான். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது, ஐடிலில் ஏறி இறங்கி ஓடியது, மைலேஜும் மெல்லக் குறைந்தது. மெக்கானிக், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பம்பைக் காலிப்ரேஷனுக்கு, அதாவது டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்ய, கொடுக்கச் சொன்னார். அதுவரைக்கும் எல்லாம் சரி. பம்பைக் கொண்டுபோன கடையில்தான் வினை.

பைபாஸ் ஓரத்துக் கடை, வெளியே பெரிய போர்டு. எலிமென்ட் என்பது பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து டீசலைத் தள்ளும் பாகம். பம்பைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அண்ணா, ஆறு எலிமென்ட்டும் போயிருச்சுங்க. டெலிவரி வால்வும் சேத்து மாத்திரலாம், மறுபடி இந்தப் பக்கமே வரமாட்டீங்க" என்றார். பம்பைச் சோதிக்கும் பெஞ்சில் ஓட்டும்போது நானும் நின்று பார்க்கிறேன் என்றேன். "உள்ள தூசி ஆகாதுங்கண்ணா, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். தூசி ஆகாது என்பது உண்மைதான், அதனால் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் நல்ல கடைகளில் அதற்குக் கண்ணாடித் தடுப்பு வைத்திருப்பார்கள். வெளியே நின்றே பார்க்கலாம். சாயங்காலம் பம்ப் கைக்கு வந்தது. கூடவே ஆறு காலி எலிமென்ட் டப்பாக்கள், ஒரு பொட்டலத்தில் "உங்க பழைய சாமான்", ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் "பம்ப் செட்டிங்" என்ற இரண்டு சொல்லும் 30,000-ஐ ஒட்டிய தொகையும். பெஞ்ச் ரீடிங் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

பம்பை மாட்டி டைமிங் வைத்து ஓட்டியதும் டிரைவர் தம்பிக்கு ஒரே சந்தோஷம். "அண்ணா, வண்டி பிச்சுக்கிட்டுப் போகுதுங்க, கியரே மாத்த வேண்டியதில்ல" என்று போன் செய்தான். ஆனால் மைலேஜ் கணக்கு வேறு கதை சொன்னது. லோடோடு லிட்டருக்கு 4.2 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 3.4-க்கு வந்துவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 56 லிட்டர் கூடுதல். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி விற்கும்போது ஐயாயிரம் ரூபாய் புகையாய்ப் போகிறது. நிஜமாகவே புகைதான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை. புகைப் பரிசோதனையில் பழைய டீசல் வண்டிகளுக்கு உள்ள 65 எச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) வரம்பைத் தாண்டிவிட்டது. கடைக்குப் போன் போட்டால், "புது எலிமென்ட்டுங்க, செட் ஆகட்டும், ஓட ஓட சரியாயிரும்" என்று பதில். இதைச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். எலிமென்ட் ஓடி ஓடித் தேயுமே தவிர, கூட்டி வைத்த அளவு தானாகச் சரியாகாது.

அப்புறம் பெங்களூரு லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் வண்டி நின்றது. ஹெட்டைக் கழற்றினால், மூன்றாவது பிஸ்டனின் தலை ஓரம் உருகி, ரிங் ஒட்டிக்கொண்டு, லைனர் முழுக்கக் கோடு. இஞ்சின் வேலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வண்டி நின்றதால் போன வாடகை தனி, வண்டிக் கடன் தவணை தனி.

மெக்கானிக் சொல்லித்தான் பம்பை அதே நிலையில், எதையும் தொடாமல், சேலத்தில் ஒரு பழைய கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் பெரியவர் பம்பைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது சீலைத்தான். டீசல் அளவை எல்லை கட்டும் ஸ்க்ரூவுக்குக் கம்பி கோத்து ஈய சீல் போட்டிருக்க வேண்டும். என் பம்பில் கம்பி இருந்தது, ஈயமும் இருந்தது. ஆனால் ஈயத்தில் முத்திரை இல்லை. பிளையரால் அமுக்கிய தடம் மட்டும். "இது சீல் இல்லைங்க தம்பி, சீல் மாதிரி" என்றார்.

பிறகு என்னைப் பக்கத்திலேயே நிற்க வைத்துப் பெஞ்சில் ஏற்றினார். டெஸ்ட் ஆயில் 40 டிகிரி வரும்வரை பம்பை ஓடவிட்டார். சூடு மாறினால் அளவும் மாறும், அதனால் அதற்கு முன் எடுக்கும் ரீடிங்கை நம்பவே கூடாது என்றார். ஊற்றுவதும் பங்க்கில் பிடித்த டீசல் இல்லை, ஐஎஸ்ஓ 4113 தரத்து டெஸ்ட் ஆயில். முந்தைய கடை வாசலில் நான் பார்த்தது டீசல் கேன். ஆறு பைப்பும் ஒரே நீளம், ஒரே உள்விட்டம். அந்தந்தப் பம்பின் தட்டில் பொறித்திருக்கும் எண்ணுக்கென்று கம்பெனி டெஸ்ட் பிளான் இருக்கிறது. எத்தனை ஆர்.பி.எம்.மில், ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்க நகரும் தண்டு) எந்த இடத்தில் இருந்தால், எத்தனை சி.சி. விழ வேண்டும் என்று அதில் இருக்கும். அதை விரித்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

நூறு ஸ்ட்ரோக் ஓட்டி நிறுத்தியதும் ஆறு கண்ணாடிக் குழாய்களையும் என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒன்பது சி.சி.யை ஒட்டி, ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நான் பார்த்ததில் ஆறுமே பத்தைத் தாண்டியிருந்தன. மூன்றாவது குழாய் மட்டும் பன்னிரண்டைக் கடந்து நின்றது. உருகிய பிஸ்டனும் மூன்றாவது. அதைப் பார்த்தபோது வந்த கோபத்தை எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான். இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமென்ட், அதாவது ஒரு பேரலும் அதற்குள் ஒரு பிளஞ்சரும். பிளஞ்சரில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ஆக்ஸிலேட்டர் ராக்கை நகர்த்தும்போது பிளஞ்சர் திரும்பும். அந்த வெட்டு எந்த இடத்தில் துவாரத்தைத் திறக்கிறதோ, அதைப் பொறுத்து நாசிலுக்குப் போகும் டீசல் கூடும், குறையும். ராக் இதற்குமேல் போகக்கூடாது என்று தடுப்பதுதான் சீல் வைத்த அந்த ஸ்க்ரூ. அதைத் திருகினால் எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் கூடும், இழுவையும் கூடும். காற்று போதாமல் எரியாத டீசல் கரும்புகையாகப் போகும், பிஸ்டன் தலையில் சூடு ஏறும். டர்போ வண்டியில் இன்னொன்றும் உண்டு. டர்போ தள்ளும் காற்றழுத்தம் (பூஸ்ட்) வரும்வரை டீசலை அடக்கி வைக்க எல்டிஏ என்று ஒரு டயாபிரம் அமைப்பு, இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோடு சேர்ந்து இருக்கும். அதையும் இறுக்கி வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வந்த புகைக்குக் காரணம் அது.

எலிமென்ட்டுகளை வெளியே எடுத்தபோதுதான் முழுக்கதையும் வந்தது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு மைக்ரான்தான் இடைவெளி. தலைமுடி ஒன்றின் கனம் சுமார் எழுபது மைக்ரான். ஜோடியாகத் தேய்த்துப் பொருத்துவதால் ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றில் போடவே கூடாது. பெரியவர் ஒவ்வொன்றாகச் சுத்தமான டெஸ்ட் ஆயிலில் நனைத்து, பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரைப் பாதி இழுத்து விட்டார். நல்லது தன் எடையிலேயே மெதுவாக, தடங்காமல் வழுக்கி இறங்கும். என் பம்பில் இருந்ததில் ஒன்று பொத்தென்று விழுந்தது, ஒன்று பாதியில் நின்றது. வெளிச்சத்தில் காட்டியபோது வெட்டுக்குப் பக்கத்தில் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. புதிதாய்ப் போட்ட எலிமென்ட்டில் இவ்வளவு சீக்கிரம் அப்படி ஒரு தேய்மானம் வருவது அரிது. நான்கில் ஒரு எண், இரண்டில் வேறு எண் பொறித்திருந்தது. டப்பாவில் இருந்த எண்ணோ மூன்றாவது. யார் யார் பம்பிலிருந்தோ கழற்றியதைப் போட்டுவிட்டு, புது டப்பாவைக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார்கள். டெலிவரி வால்வைத் தொடவே இல்லை. பொட்டலத்தில் கொடுத்த "பழைய சாமான்" விட்டத்திலேயே வேறு, என் பம்பில் நுழையவே நுழையாது. தேய்ந்த எலிமென்ட்டால் வரவேண்டிய இழுவைக் குறைவை மறைக்கத்தான் ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள்.

பம்ப் கொடுக்கப் போகிறவர்கள் தட்டில் உள்ள எண்ணையும் சீலையும் கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் எலிமென்ட்டில் உள்ள எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். புதிது போடுவதானால் டப்பாவை உங்கள் முன்னால் பிரிக்கட்டும். வேலைக்கு முன் ஒரு ரீடிங், பின் ஒரு ரீடிங், ஆறு சிலிண்டருக்கும் எழுதி வாங்குங்கள். ஐடில், ஃபுல் லோடு, ஸ்டார்ட்டிங், கவர்னர் கட்-ஆஃப் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெறும் அளவு மட்டும் போதாது. ஆறு சிலிண்டர் பம்பில் ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் நடுவே 60 டிகிரி சரியாக வருகிறதா என்று பேசிங் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கேட்ட உடனே முகம் சுளிக்கிற கடையில் பம்பை வைக்காதீர்கள். நாசிலையும் கூடவே டெஸ்டரில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டுகிற நாசிலை வைத்துக்கொண்டு பம்பை எவ்வளவு சரி செய்தாலும் புகை நிற்காது. டீசல் ஃபில்டர், வாட்டர் செப்பரேட்டர் விஷயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எலிமென்ட்டைக் கொல்வது பாதிக்குமேல் தண்ணீரும் அழுக்கும்தான் என்று பெரியவர் சொன்னார். என் பழைய ஃபில்டர் கிண்ணத்தில் துரு பார்த்தேன், நம்பாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கடையில் போய்க் கேட்டபோது, "நீங்க ஓவர்லோடு ஏத்திட்டு எங்களைச் சொல்றீங்களா" என்றார். சேலத்து ரீடிங்கை நீட்டினால் கையில் வாங்கவே இல்லை. வக்கீலிடம் போனேன். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் வழக்கு செல்லாது என்று சிலர் பயமுறுத்தியிருந்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழிலாகப் பிழைப்புக்காகப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு, ஒற்றை லாரி ஓட்டுகிற நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போட வேண்டும் என்றார் அவர். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, பில் எங்கே என்பதுதான். துண்டுச் சீட்டில் கடை பெயரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. நல்லவேளை, பணத்தை யுபிஐ-யில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவில் கடைக்காரரின் பெயர் இருக்கிறது. அதையும், சேலத்து ரீடிங் தாளையும், எலிமென்ட் போட்டோக்களையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று வந்ததும் எழுதுகிறேன். இதே போல வெள்ளைச் சீட்டு வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால், பம்பை மறுபடி யாரும் திறப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.