குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் உடனே மோட்டாரை மாற்றாதீர்கள்

கிணற்று மோட்டாரும் மாடியில் டேங்கும் உள்ளவர்கள் கவனிக்கவும். குழாயில் தண்ணீர் குறைவாக வருகிறது என்று கூப்பிட்டு, வந்தவர் மாடிக்கே போகாமல் "மோட்டார் வீக்" என்று சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருந்தபோது நடந்தது இது. சமையலறை, பாத்ரூம் எல்லாக் குழாயிலும் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மெக்கானிக் கிணற்றடியில் நின்று மோட்டாரைப் போட்டுச் சத்தத்தைக் கேட்டார். "இம்பெல்லர் தேஞ்சு போச்சுங்கம்மா. ஒன்றரை ஹெச்பி போட்டாத்தான் பிரஷர் வரும்." (இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்.) 14,000 ரூபாய். எங்கள் பழைய 1 ஹெச்பி மோட்டாருக்கு 800 ரூபாய் கழித்துவிட்டு அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருக்கும் காப்பருக்கே அதைவிடக் கூட வரும்.

டேங்க் சீக்கிரம் நிறைந்தது, குழாய் மட்டும் அப்படியே. கேட்டதற்கு முதலில் "லைன்ல ஏர் இருக்கு" என்றார், அப்புறம் "பிரஷர் பம்ப் போட்டுடலாம், 18,000 ஆகும்" என்றார்.

தண்ணீரை டேங்கில் ஏற்றியதும் மோட்டாரின் வேலை முடிந்தது. இம்பெல்லர் தேய்ந்தால் டேங்க் நிறைய நேரமாகும், அவ்வளவுதான். டேங்கிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் தானாக இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. பைப் சிறுத்தாலோ அடைத்தாலோ வரத்து குறையும். கிணற்றில் 5 ஹெச்பி மாட்டினாலும் இது மாறாது. (டேங்க் இல்லாமல் பம்பிலிருந்து நேராகக் குழாய்க்கு வரும் வீடுகளில் கதை வேறு. அங்கே ஃபுட் வால்வு, பிரஷர் சுவிட்ச் எல்லாம் பார்க்க வேண்டும்.)

பிறகு வந்த பிளம்பர் முதலில் கேட்டதே, "ஒரு குழாய்லயா, எல்லாத்துலயுமா?" என்றுதான். ஒன்றில் மட்டும் என்றால் குழாய் வாயில் இருக்கும் சல்லடையில் உப்பு படிந்திருக்கும். கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் போதும். எல்லாவற்றிலும் என்றதும் நேராக மாடிக்கு ஏறினார். டேங்க் அடியில் பித்தளை கேட் வால்வு. கைப்பிடி நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் தகடு, கைப்பிடியோடு சுழலும் தண்டை (ஸ்பிண்டில்) விட்டுக் கழன்று வழியை மறித்துக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு பால் வால்வு போட்டார். கூலியோடு 900 ரூபாய்.

புது மோட்டாரால் இப்போது வேறு தலைவலி. கோடையில் எங்கள் கிணற்றில் ஊற்று குறைவு; ஒன்றரை ஹெச்பி சீக்கிரமே இறைத்துத் தீர்த்துவிடுகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் போய்விடும் என்று ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் மாற்றிய மெக்கானிக் கொடுத்தது வெறும் துண்டுச்சீட்டு. மோட்டாரின் வரிசை எண் இல்லை, வாரண்டி அட்டையும் இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.