1962 கார்வெட்டா, 1963 ஸ்டிங் ரேயா?

இரண்டுமே அமெரிக்க செவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்தான்; இடைவெளி ஒரே வருடம். பக்கத்தில் நிறுத்தினால் உறவே தெரியாது. இரண்டிலும் 327 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின், ஃபைபர்கிளாஸ் பாடிதான்.

முகம்
1962: நான்கு ஹெட்லைட்டும் வெளியே.
1963: மோட்டார் சுழற்றினால்தான் வெளியே வரும். மோட்டார் மக்கர் செய்தால் பானெட்டைத் திறந்து கையால் திருக வேண்டியதுதான்.

பின்புறம்
1962: டிக்கி உண்டு.
1963: டிக்கி மூடியே இல்லை. கூபேயின் (நிலையான கூரை உள்ள மாடல்) இரட்டைப் பின்கண்ணாடி இந்த ஒரு வருடம் மட்டும். நடுப்பட்டை பார்வையை மறைக்கிறதென்று சிலர் அறுத்தெறிந்து, 1964இன் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள் (பாவிகள்!). அந்த இடத்தில் ஃபைபர் ஒட்டுத் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள்.

சஸ்பென்ஷன்
1962: பின்னால் ஒற்றை ஆக்சில், முன்னால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி). கிரீஸ் தவறினால் தேயும்.
1963: பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். பேரிங் மாற்ற பிரஸ் (அழுத்தும் கருவி), ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எல்லாம் வேண்டும்.

தானே கழற்றி மாட்டுபவருக்கு 1962. வளைவில் விரட்ட 1963.