சொல்லிக்கொடுப்பதா, கேள்வி கேட்பதா?

மேனேஜர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இப்போது ஒரே பாட்டுதான்: "பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்." அப்படி ஒரு வகுப்பை முடித்துவந்த சூட்டில் நான் ஒரு கூத்து பண்ணினேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான ஒருவர், "சார், இந்த ரிப்போர்ட்டை எந்த ஃபோல்டர்ல போடணும்?" என்று கேட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஃபோல்டர் பெயரில் நினைப்பதற்கு என்ன இருக்கிறது?

சொல்லிக்கொடுப்பதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் அதை ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. 1940 முதல் 1945 வரை அமெரிக்காவில் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry) என்றொரு பயிற்சித் திட்டம் நடந்தது. புதிதாக வந்தவர்களுக்கு வேலை கற்றுத்தர மேற்பார்வையாளர்களுக்கு அதில் நான்கு படிகள் சொன்னார்கள்: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யவைத்துப் பார், பிறகு போய் விசாரி. தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்று அர்த்தம் என்பதுதான் அவர்களுடைய முழக்கம்.

நம்மில் பலர் இரண்டாவது படியோடு எழுந்து போய்விடுகிறோம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படபடவென்று பத்து கிளிக். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." அலுவலகங்களில் அதிகம் சொல்லப்படும் பொய் இதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக மவுஸை அவர் கையில் கொடுத்து, "இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க, ஒவ்வொரு படியும் எதுக்குன்னு சொல்லிக்கிட்டே" என்று கேட்டால், எந்த இடத்தில் கை தயங்குகிறதோ அந்த இடம் புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

கேள்வி கேட்கும் பாணி விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது. டென்னிஸ் பயிற்சியாளரான டிமதி கால்வே, கற்பவரைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட அவர் கவனத்தைப் பந்தின் மேல் திருப்புவது பலன் தரும் என்று 1970-களில் எழுதினார். "பந்தைப் பார்" என்று கத்தினால் யாரும் பார்ப்பதில்லை. "பந்து எந்தப் பக்கம் சுழன்று வருகிறது?" என்று கேட்டால் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. முன்னாள் கார் பந்தய வீரரான ஜான் விட்மோர் இதை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தார். 1992-இல் வெளியான அவருடைய புத்தகத்தால் பரவியதுதான் 'க்ரோ' (GROW) என்ற நான்கு கேள்வி முறை: இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள், எதைச் செய்யப்போகிறாய்.

விஷயம் தெரிந்த ஆளிடம் இது அபாரமாக வேலை செய்யும். ஆனால் கேள்விக்குறி போட்ட உத்தரவு கேள்வி ஆகாது. "கிளையண்ட்டுக்கு முதல்லயே போன் பண்ணியிருக்கலாம்னு தோணலையா?" என்பது குத்தல். "கிளையண்ட்டுக்கு விஷயம் எப்பத் தெரிஞ்சுது?" என்பதுதான் கேள்வி, பதில் எனக்குத் தெரியாது என்பதால். பதிலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஊழியரை யூகிக்கவைப்பதைவிட நேரடியாகச் சொல்லிவிடுவது மரியாதை.

என் தீர்ப்பு: எந்தப் பாணி என்பதை ஆளை வைத்து முடிவுசெய்யக் கூடாது, அந்த ஆள் கையில் இருக்கும் வேலையை வைத்து முடிவுசெய்ய வேண்டும். நிர்வாகத் துறை ஆய்வாளர்களான ஹெர்சியும் பிளான்சர்டும் 1969-லேயே இந்த வழியில் யோசித்திருக்கிறார்கள். பத்து வருஷம் சாஃப்ட்வேர் கோடு (code) எழுதியவரை முதல்முறையாக ஆள் தேர்வு இன்டர்வியூ எடுக்க அனுப்பினால், அந்த வேலையில் அவர் புதுசு. "சீனியர் ஆச்சே, பார்த்துக்குவார்" என்று விடுவதும், அவர் எழுதிய கோடுக்குப் பக்கத்தில் நின்று பாடம் எடுப்பதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

அடுத்தது, எப்போது பேசுவது? அப்போதைக்கப்போதா, வாரம் ஒருமுறை தனியாக உட்கார்ந்தா? பிழை கண்ணெதிரே இருக்கும்போது வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தால் அதற்குள் இருவருக்குமே பாதி மறந்திருக்கும்; அன்றே, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். என்ன சொல்கிறோம் என்பதில்தான் வம்பு. குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்து சொன்ன பிறகு செயல்பாடு குறைந்த நேர்வுகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தன. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும் அளவுக்குப் பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். "மூணாவது பத்தியில தொகை மாறியிருக்கு" என்றால் அவர் தொகையைப் பார்ப்பார். "உங்களுக்குக் கவனமே போதாது" என்றால் தன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாராட்டு, நடுவில் குறை, மறுபடி பாராட்டு என்று மடித்துக் கொடுக்கும் வித்தை எனக்கு ஒத்துவரவில்லை. அடுத்தமுறை பாராட்டினாலே எதிராளி "ஆனா..." வருகிறதா என்று காத்திருக்கிறார்.

வாராந்தரச் சந்திப்பு பெரிய விஷயங்களுக்கு: எதில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அடுத்து எதைக் கற்க ஆசை. இன்டெல்லை நடத்திய ஆண்டி க்ரோவ் இதை ஊழியருடைய கூட்டம் என்றார். பேச வேண்டியவற்றின் பட்டியலும் ஊழியருடையதே. நானோ ரொம்ப நாள் அதை வேலை நிலவரம் விசாரிக்கும் நேரமாக ஆக்கிவைத்திருந்தேன். பட்டியலை அவர்களையே எழுதச் சொன்ன முதல் வாரம், அந்த ஃபோல்டர் ஆள் ஒரே வரிதான் எழுதிவந்தார்: "எதெல்லாம் உங்ககிட்ட கேட்கலாம், எதெல்லாம் நானே முடிவு பண்ணலாம்?"