வன்னியில வைஃபை பூஸ்டர் வாங்க நிக்கிற ஆக்கள் கவனம்: எங்கட 48,500 ரூபா போட்டுது

வீட்டில வைஃபை கமரா, ஸ்மார்ட் சுவிச் பூட்டியிருக்கிற உறவுகள் தயவுசெய்து இதை முழுசா வாசியுங்கோ. வைஃபை சிக்னலைக் கூட்டித் தாற பூஸ்டர் எண்டு சொல்லி 48,500 ரூபாவை வாங்கிப்போட்டு இப்ப போனே எடுக்கிறாங்கள் இல்லை. முறைப்பாடு குடுத்திருக்கிறதால கடைப்பேர் போடேல்ல. ஏ9 றோட்டுக்கரையில, கமரா பூட்டிக் குடுக்கிறம் எண்டு பெரிய போட் வைச்சிருக்கிற கடை.

விசுவமடுப் பக்கம் எங்கட காணி நீளமான காணி. வீட்டில இருந்து கிணத்தடி மோட்டர் கொட்டில் ஒரு 60 மீற்றர் வரும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஒவ்வொருக்காவும் நடந்து போய் மோட்டர் போடேலாது. அதுக்காகத்தான் ஸ்மார்ட் சுவிச். படலையடியில ஒரு கமரா. ரெண்டும் அடிக்கடி ஓஃப்லைனுக்குப் போகும், அதைச் சரிப்பண்ணத்தான் அந்தக் கடையைக் கூப்பிட்டது.

வந்த பெடியன் அவ்வளவு பணிவு. "அன்ரி, அன்ரி" எண்டு கதைச்சு, வளவெல்லாம் நடந்து பாத்து, மூண்டு வெள்ளைப் பெட்டியளை எடுத்து வைச்சு "இது மெஷ், காணி முழுக்க அடிக்கும்" எண்டார். மெஷ் எண்டா கன பெட்டியள் ஒண்டோடொண்டு சேந்து ஒரே வைஃபையா வேலை செய்யிறது. ஒண்டை மோட்டர் கொட்டிலுக்குள்ள கொழுவினார். தன்ர போனை அம்மாவுக்கு முன்னால நீட்டி, "பாருங்கோ அம்மம்மா, கோடு முழுக்க நிக்குது" எண்டார். அதைப் பாத்துத்தான் அம்மா அலுமாரியில இருந்து காசை எடுத்து எண்ணிக் குடுத்தவ. பயித்தங்காய் வித்துச் சேத்த காசு. 48,500 ரூபா!

நெட்வேர்க் வேலை செய்யிற மருமகன் வந்து பாத்த பிறகுதான் முழுக்க விளங்கினது. அந்தக் கோடு காட்டுறது போனுக்கும் பெட்டிக்கும் இடையில இருக்கிற சிக்னலை மட்டும்தான். பெட்டிக்கும் வீட்டு ரவுட்டருக்கும் தொடர்பு இருக்கோ இல்லையோ, பக்கத்தில நிண்டு பிடிச்சா கோடு முழுக்கத்தான் நிக்கும். எங்கட கொட்டில் கூரையும் சுவரும் தகரம். வைஃபை தகரத்தைத் தாண்டி ஒழுங்காப் போகாது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் எண்டா, சிக்னல் இன்னும் நல்லா இருக்கிற நடுவழியில வைக்கவேணும், செத்துப்போற இடத்தில வைச்சா அதுக்குத் திருப்பி அனுப்ப ஒண்டுமில்லை. இதுகூடத் தெரியாமலோ கடை நடத்துறாங்கள்?

மருமகன் பெட்டியில இருந்த "மெஷ்" ஸ்டிக்கரை நகத்தால உரிச்சார். கீழ வேற பேர், பழைய 300 எம்பிபிஎஸ் ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில வாங்கி அதிலயே திருப்பி அனுப்புற சாமான். அதுக்குள்ளால போனா வேகம் பாதியாக் குறையும்.

காசோட முடிஞ்சிருந்தாலும் பறவாயில்லை. நாங்கள் வவுனியாவுக்குப் போயிருந்த அண்டு பின்னேரம் அம்மா போனில மோட்டரை நிப்பாட்டினவ. போனில ஓஃப் எண்டு காட்டியிருக்கு, ஆனா சுவிச்சுக்குப் போய்ச் சேரேல்ல. விடிய விடிய ஓடி, கிணத்துத் தண்ணி இறங்கி, வெறுமனே சுத்தி கொயில் எரிஞ்சுபோச்சு. காலமை கொட்டில் முழுக்க எரிஞ்ச மணம். மோட்டர் வைண்டிங்குக்குப் போயிருக்கு, பயிர் வாடுது.

கடைக்கு அடிச்சா முதல் சொன்னது, "லைன் தந்த கொம்பனியைக் கேளுங்கோ." பிறகு "உங்கட சுவர் தடிப்பு." பிறகு "பெடியன் முல்லைத்தீவில வேலையில நிக்கிறான், வெள்ளிக்கிழமை அனுப்புறன்." வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வரேல்ல. நேர போய்க் கேட்டா முதலாளி முகத்தைக்கூடத் திருப்பாமல், "வொரண்டி பெட்டிக்குத்தான், சிக்னலுக்கு இல்லை" எண்டார். பில்லில "டிவைஸ் 3" எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு. மொடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. இப்ப வட்ஸப்பிலயும் புளொக்.

மருமகன் செய்தது இவ்வளவுதான்: இரும்பு அலுமாரிக்குப் பின்னால இருந்த ரவுட்டரை எடுத்து விறாந்தைப் பக்கம் உயரத்தில வைச்சார், ரவுட்டர் அனுப்புற ரெண்டு வைஃபை அலைவரிசையையும், 2.4 கிகாஹேர்ட்ஸையும் 5 கிகாஹேர்ட்ஸையும், வேற வேற பேரில பிரிச்சார், கமராவைத் தூரம் கூடப் போற 2.4இல சேத்தார். படலைக் கமரா அண்டையில இருந்து அறுபடேல்ல. ஒரு சதம் செலவில்லை. மோட்டர் கொட்டில் மட்டும் எண்டா, வெயில் மழையில போடக்கூடிய கட்6 நெட்வேர்க் கேபிளை வீட்டில இருந்து இழுத்து, அங்க ஒரு அக்சஸ் பொயின்ற் (கேபிளில வாறதை வைஃபையாக் குடுக்கிற பெட்டி) வைக்கவேணுமாம், 100 மீற்றருக்குள்ள பிரச்சினையில்லை.

விபரமா எழுதவேணும் எண்டுதான் இருந்தனான், கை நடுங்குது. இதுகளையாவது பாருங்கோ. பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு காட்டுற கோட்டை நம்பிக் காசு குடுக்காதேங்கோ, உங்கட கமராவும் சுவிச்சும் ரெண்டு மூண்டு நாள் ஒழுங்கா ஓடின பிறகு குடுங்கோ. மொடலும் சீரியல் நம்பரும் இல்லாத பில் வாங்காதேங்கோ. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர விற்பனையாளர் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கோ. மோட்டரை வைஃபையை மட்டும் நம்பி விடாதேங்கோ, தண்ணி இறங்கினா தானா நிக்கிற சுவிச் கட்டாயம் போடுங்கோ. ஏமாந்த ஆக்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல அடியுங்கோ.

இதே மாதிரி மூண்டு வெள்ளைப் பெட்டி வாங்கின ஆக்கள் ஆரும் இருந்தா ஸ்டிக்கரை உரிச்சுப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ, முறைப்பாட்டோட சேத்துக் குடுக்கிறன்.