மாந்தோப்பு மண்ணில் மூன்று டிடெக்டர் காயில்கள்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

காவேரிப்பட்டணத்து மாந்தோப்புகளிலும் பாலக்கோட்டுத் தக்காளி வயல்களிலும் தவறிப்போன நகைகளையும், மண் மூடிய பித்தளை வால்வுகளையும் தேடித் தருவதற்காக மைன்லேப் எக்ஸ்-டெரா 705 மெட்டல் டிடெக்டரைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். காயிலை, அதாவது மண்ணின் மேல் வீசித் தேடும் கம்பிச்சுருள் தட்டை, மாற்றினால் அதிர்வெண்ணும் மாறுவது இக்கருவியின் தனித்தன்மை. 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என மூன்று வகைக் காயில்களையும் வைத்திருக்கிறேன்.

கனத்த வெள்ளிக் கொலுசு, செம்புப் பாத்திரம், வால்வு ஆகியவற்றுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் காயிலே போதும். ஆழத்திலும் சத்தம் தெளிவாக வரும். மூக்குத்தி, கம்மலின் திருகாணி போன்ற பொடிப்பொருள்களை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. காயிலின் காந்தப்புலத்தால் அவற்றில் எழும் சுழல் மின்னோட்டம் நொடியில் அடங்கிவிடுவதால், வேகமாக மாறும் காந்தப்புலமே அவற்றை உசுப்ப முடியும், அதற்குத்தான் 18.75.

சங்கிலியின் கதை வேறு. எடை பல கிராம் இருந்தாலும், மெல்லிய சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தனித்தனிச் சிறு பொருளாகவே காயிலுக்குப் படுகிறது. பல நேரங்களில் குரல் கொடுப்பது கொக்கி மட்டுமே. ஆகவே அரைகுறையாகக் கேட்கும் சத்தத்தையும் நான் தோண்டாமல் விடுவதில்லை. வெட்டுவாய் உள்ள மெட்டியும் இப்படித்தான்: வெள்ளியாகவே இருந்தாலும் வட்டம் மூடாததால் மின்னோட்டம் முழுச் சுற்று வர இயலாமல், உலோகத்தின் வகையைச் சுட்டும் எண்ணாக, ஈயத்தாளுக்கு வருவது போன்ற குறைந்த எண்ணையே திரையில் காட்டும்.

இரும்புத்தாது கலந்த செம்மண்ணில் உயர் அதிர்வெண் காயில் அதிகமாகச் சலசலக்கும். அங்கே அதிர்வெண்ணைக் காட்டிலும் காயிலின் வடிவமே எனக்கு அதிகம் கைகொடுத்தது: 10க்கு 5 அங்குல நீள்வட்ட டபுள்-டி காயில் (D எழுத்து வடிவச் சுருள்கள் இரண்டு ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தது), ஒரே நேரத்தில் பார்க்கும் மண்ணின் அளவு குறைவு என்பதால், வட்டமான கான்சென்ட்ரிக் காயிலை (ஒரே மையம் கொண்ட வட்டச் சுருள்கள்) விட அமைதியாக இருக்கிறது. வரப்பைத் தாண்டி வேறு நிறத்து மண்ணுக்குப் போகும்போதெல்லாம் கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணிலுள்ள தாது எழுப்பும் சத்தத்தை அடக்கும் அமைப்பை) மறுபடி சரிசெய்துவிடுவேன். 7.5 எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துவரும்; என்ன தொலைந்தது என்று உரிமையாளருக்கே உறுதியாகத் தெரியாதபோது மட்டும் அதை மாட்டுகிறேன்.

புதையல் ஆசையில் வாங்க நினைப்போர் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை ஒருமுறை படித்துவிடலாம்; மண்ணுக்குள் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

இன்று புதிதாக வாங்குவோருக்கு அதே நிறுவனத்தின் எக்ஸ்-டெரா புரோவையே பரிந்துரைப்பேன். 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்களைக் காயிலைக் கழற்றாமலேயே அதில் மாற்றிக்கொள்ளலாம்.